நினைவுக்குப் பன்மை இல்லை

அண்ணாச்சி பதில்கள்

சென்ற இதழில் வேறு எதையோ சொல்ல வந்த இடத்தில் கிகி திமுலா என்ற கிரேக்கக் கவிஞரின் பெயரைப் போகிற போக்கில் எழுதிவைத்தேன். வினை அங்கே தொடங்கியது. வழக்கமாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, வாழைக்குலை விலையையும் கோட்டாற்று நெரிசலையும் பற்றியதாக இருக்கும். இந்த மாதம் வந்தவற்றில் பெரும்பாலானவை அந்த அம்மையாரைப் பற்றியவை. ஆகவே இந்த இதழ் அவருக்கு. வாழைக்குலைக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

யார் இந்தத் திமுலா? வடசேரியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இவர் எப்படி அறிமுகமானார்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, குலசேகரம்

கப்பல் வழியாகத்தான், டீச்சர். குளச்சலில் என் நண்பர் ஒருவரின் மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். 2020 பிப்ரவரி கடைசியில் அவன் கப்பல், ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் நின்றிருக்கிறது. கரையிறங்கிக் காப்பி குடிக்கப் போன கடையில், தொலைக்காட்சியில் வயதான ஒரு பெண்ணின் முகத்தையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்களாம். இறந்தது மந்திரியா என்று கேட்டிருக்கிறான். கவிஞர் என்றிருக்கிறார் கடைக்காரர். பையனுக்கு அது விளங்கவில்லை. அன்று இரவே அப்பாவுக்கு போன் செய்து, "வடசேரி மாமாவிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்" என்று சொல்லிவிட்டான். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல மானம் இடம்கொடுக்கவில்லை. "தெரியும், பிறகு சொல்கிறேன்" என்று சமாளித்துவிட்டுத் தேட ஆரம்பித்தேன். அந்தப் பொய்க்கு இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

1931இல் ஏதென்ஸில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1949இல் கிரேக்க மத்திய வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். 1974 வரை, 25 ஆண்டுகள் அங்கேதான். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. கணவர் ஆதோஸ் திமுலாஸ், சிவில் பொறியாளர், அவரும் கவிஞர். இரண்டு பிள்ளைகள். 1952இல் முதல் தொகுப்பு வந்தது. அதைப் பிறகு அவரே விலக்கிவைத்துவிட்டார். நம் ஊரில் முதல் தொகுப்பை நாற்பது வருடம் கழித்தும் தலையில் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களை நினைத்துக்கொண்டேன். 2002இல் ஏதென்ஸ் அகாதெமியின் உறுப்பினர், 2009ஆம் ஆண்டுக்கான ஐரோப்பிய இலக்கியப் பரிசு. 2020 பிப்ரவரி 22இல் 88 வயதில் மறைந்தார்.

அவர் வாழ்ந்தது ஏதென்ஸின் கிப்செலி என்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதியில். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குத் தேன்கூடு என்று பொருள். தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டத்துக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பெயரைச் சொல்வதில் ஒரு சின்ன விஷயம். ஆங்கிலத்தில் அதை முரட்டு 'டி' போட்டு எழுதுகிறார்கள். 'அதில்' என்னும்போது நம் நாக்கு பல்லை லேசாகத் தொட்டுவிட்டு வருகிறதே, அந்தத் 'தி'தான் அவருடைய 'தி'. இந்த ஓர் எழுத்தில் நாம் ஆங்கிலேயனைவிட கிரேக்கத்துக்குப் பக்கம்.

*

கிரேக்கக் கவிதை என்றால் கடலும் தீவும்தானே? எங்கள் முட்டத்துப் பாறையில் உட்கார்ந்து படிக்க ஏற்றவரா இவர்?
– கல்லூரி மாணவர், முட்டம்

தம்பி, கடற்கரையில் வளர்ந்தவன் நீ, கடலைப் பார்க்க வருகிறவன் வெளியூர்க்காரன் என்பது உனக்கே தெரியும். கடலும் ஒளியும் வேண்டுமென்றால் 1979இல் நோபல் வாங்கிய எலிடிஸைப் படி. ஏகியன் கடலின் வெயில் முழுக்க அவரிடம் இருக்கிறது. அவருக்கு முன் 1963இல் வாங்கிய செபெரிஸிடமும் கப்பலும் பழைய கற்களும் உண்டு. திமுலா வீட்டுக்குள் இருக்கிறார். மேசை, புகைப்படம், சன்னல், மழை, தூசி.

தூசியைப் பற்றியே ஒரு கவிதை வைத்திருக்கிறார். தினமும் காலையில் தூசியை வீட்டை விட்டு விரட்டப் போராடும் இல்லத்தரசிகளுக்காக அதில் இரங்குகிறார். உடல் இல்லாததற்கு எஞ்சியிருக்கும் கடைசி உடல் அந்தத் தூசி என்கிறார். அதைப் படித்த மறுநாள் காலை என் மனைவி வாரியலும் கையுமாகக் கட்டிலுக்கடியில் குனிந்திருந்தாள். அந்தக் கட்டிலில்தான் என் அம்மா கடைசி ஆறு மாதம் படுத்திருந்தாள். "அப்படியே விட்டுவிடு" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில், கவிதை படிக்கிறவனைக் கட்டிக்கொண்ட பெண்களின் வருத்தம் எல்லாம் இருந்தது. கூட்டி முடித்துவிட்டுத்தான் போனாள்.

முட்டத்துப் பாறைக்கு இந்தப் புத்தகத்தை எடுத்துப் போகாதே. காற்று பக்கத்தைப் புரட்டிவிடும். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு படி.

*

நான் வங்கியில் காசாளர். காலையில் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு. வேலை பார்த்துக்கொண்டே கவிதை எழுத முடியுமா?
– மார்த்தாண்டம்

திமுலாவின் கணக்கு உங்கள் கண்முன் இருக்கிறது. 25 ஆண்டு வங்கி. அவருக்கு முன், இன்று உலகமே கொண்டாடும் கிரேக்கக் கவி கவாஃபி, அலெக்ஸாண்ட்ரியாவில் பாசனத் துறை அலுவலகத்தில் முப்பது ஆண்டு எழுத்தராக இருந்தார். கோதையாற்றுப் பாசனக் கோப்புகளை எழுதியவர்களில் எத்தனை கவாஃபிகள் போனார்களோ!

ஆனால் ஓர் எச்சரிக்கை. நானும் 31 ஆண்டு ஒரு கூட்டுறவு வங்கியில் இருந்தவன். பெயர் வேண்டாம், ஓய்வூதியம் வருகிறது. ஒருநாள் மத்தியானம், கவுண்டரில் கூட்டம் குறைந்த நேரம், கையில் இருந்த பணம் கட்டும் சீட்டின் பின்புறம் ஒரு வரி எழுதினேன்: 'எண்ணி முடித்த நோட்டில் யாருடைய விரல் சூடு'. எழுதியதை மறந்து சீட்டை வவுச்சர் கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். மார்ச் மாதம் தணிக்கைக்கு வந்தவர் கட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். பச்சை மையில் அந்த வரிக்கு நேராக ஒரு டிக் போட்டு, பக்கத்தில் 'ஆதாரம் இல்லை' என்று எழுதிவைத்துவிட்டார். மேலாளர் என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். கொடுத்தேன். என் கவிதைக்கு வந்த முதல் விமர்சனம் அது. அதைவிடச் சரியான விமர்சனம் பிறகு வரவில்லை.

வேலையைக் கவிதைக்கு எதிரியாக நினைத்துக்கொண்டே இருந்ததுதான் நான் செய்த பிழை. திமுலா அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. அலுவலகம், கோர்ட்டு, கடைவீதி இங்கெல்லாம் கைபட்டுத் தேய்ந்துபோன சொற்களைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். கவுண்டரில் தினமும் எத்தனை சொற்கள் உங்கள் கையைக் கடந்து போகின்றன? 'நிலுவை', 'முதிர்வு', 'வாரிசு'. 'முதிர்வுத் தேதி' என்பதை மெல்லச் சொல்லிப் பாருங்கள்.

*

அப்படித் தேய்ந்த சொல்லுக்கு ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?
– துணிக்கடை உரிமையாளர், குளச்சல்

உங்கள் கடைக்கே வருகிறேன். கடையை அடுத்த கட்டடத்துக்கு மாற்றும்போது பழைய கதவில் 'பக்கத்துக் கட்டடத்துக்கு மாறிவிட்டோம்' என்று எழுதி ஒட்டுவீர்கள் அல்லவா? 2007இல் வந்த அவருடைய தொகுப்பின் தலைப்பு அதுதான். எழுதியவருக்கு அப்போது வயது எழுபத்தாறு. அந்த வயதில் 'பக்கத்துக்கு மாறிவிட்டோம்' என்று ஒருவர் சொன்னால் எந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றுகிறதா, இல்லையா?

1958 தொகுப்பின் தலைப்பு ஒரு சட்டச் சொல். பிரதிவாதி வராமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்களே, தக்கலைக் கோர்ட்டில் அதை 'எக்ஸ்பார்ட்டி' என்பார்கள், ஏறக்குறைய அது. 1998 தொகுப்பு: இரங்கல் கூட்டத்தில் 'ஒரு நிமிட மௌனம்' என்கிறோம், அதில் மௌனத்தை எடுத்துவிட்டு 'ஒரு நிமிடம் சேர்ந்து' என்று வைத்துவிட்டார். 2016இல், 85 வயதில், ஒரு நிறுத்தக்குறியின் பெயரையே தலைப்பாக்கினார். வரியின் மேல்பக்கமாக வைக்கும் புள்ளி, நம் அரைப்புள்ளியின் வேலையைச் செய்வது. முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய வயதில் அரைப்புள்ளி. நம்மிடமும் மேலே வைக்கும் புள்ளி இருக்கிறது, அதை வைத்தால் எழுத்தின் உயிர் போய்விடும். கிரேக்கத்தில் அது மூச்சு வாங்கும் இடம்.

*

நான் தமிழாசிரியர். இலக்கணத்தை வைத்து அவர் ஒரு கவிதை எழுதியிருப்பதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். இலக்கணத்தில் கவிதை எப்படி வரும் என்று மாணவர்கள் சிரிக்கிறார்கள்.
– இரணியல்

சிரிக்கட்டும். 'பன்மை' என்று அந்தக் கவிதைக்குத் தலைப்பு வைத்துக்கொள்ளலாம். 1971 தொகுப்பில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சொல்லிலக்கணம் ஒப்பிக்கிறோமே, அதே நடை. காதல்: பெயர்ச்சொல், ஒருமை, பெண்பாலும் இல்லை ஆண்பாலும் இல்லை, காப்பாற்ற ஆளில்லாத பால். அச்சம்: பெயர்ச்சொல், முதலில் ஒருமை, பிறகு பன்மை, இனி எல்லாவற்றுக்கும் அச்சங்கள். நினைவு: துயரங்களின் சிறப்புப் பெயர், ஒருமை, ஒருமை மட்டும், வேற்றுமை ஏற்காது. இரவு: பெயர்ச்சொல், ஒருமை. பன்மையில் இரவுகள். இனிமேல் இரவுகள்.

கவிதை அவ்வளவுதான். இதில் எங்கும் பிரிவு என்ற சொல் இல்லை, கண்ணீர் இல்லை, போனவர் யார் என்ற தகவல் இல்லை. இலக்கணக் குறிப்பு மட்டும் இருக்கிறது. ஆனால் அச்சம் ஒருமையிலிருந்து பன்மைக்குப் போகும் அந்த இடத்தில் ஒரு வீடு காலியாகிவிட்டதை நாம் பார்த்துவிடுகிறோம்.

உங்கள் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள், ஐயா. 'நினைவு' என்ற சொல்லை ஒருமையில் வைத்துப் பத்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். திணறுவார்கள். தமிழில் எழுதுகிற நாம் எல்லோருமே பேனாவை எடுத்ததும் 'நினைவுகள்' என்று பன்மைக்கு ஓடிவிடுகிறோம். பசுமையான நினைவுகள், நீங்காத நினைவுகள், பள்ளி நாள் நினைவுகள். மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டால் ஒன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. திமுலா அந்த மூட்டையை அனுமதிக்கவில்லை. நினைவுக்குப் பன்மை கிடையாது என்கிறார். அதே சொல்லை மூன்று முறை திரும்பச் சொல்கிறார், 'நினைவு, நினைவு, நினைவு' என்று. மூன்று முறை சொன்னாலும் அது மூன்றாகவில்லை, கவனித்தீர்களா?

வேற்றுமை ஏற்காது என்றதும் அப்படித்தான். ஐ, ஆல், கு எதையும் ஒட்டவைக்க முடியாத சொல். நினைவை, நினைவால், நினைவுக்கு என்று எந்த வேலையும் அதனிடம் வாங்க முடியாது. நன்னூல் நடத்தும்போது இந்த இடத்தை ஒருநாள் தொட்டுக் காட்டுங்கள், யாரும் தூங்க மாட்டார்கள்.

*

சிலையைப் பற்றி அவர் எழுதிய கவிதையைப் படித்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் சிலைகளுக்கிடையே வளர்ந்தவள் நான். அந்தக் கவிதை ஏன் என்னைத் தொந்தரவு செய்கிறது என்று தெரியவில்லை.
– முதுகலை மாணவி, சுசீந்திரம்

மகளே, உன் கடிதத்துக்காகத்தான் இந்த இதழையே அவருக்கு ஒதுக்கினேன்.

படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கைகள் பின்புறம் கட்டப்பட்ட ஒரு பெண்ணின் சிலை. தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல கனவு ஒன்றை நினைத்துப் பார்க்க லேசாக எழுந்து உட்கார்ந்தவள் போலத் தெரிகிறாள். கிட்டே போனால் கயிறு தெரிகிறது, பளிங்கில் செதுக்கிய கயிறு. கவிதையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: எல்லாரும் உன்னை உடனே சிலை என்கிறார்கள், நான் உன்னை உடனே பெண் என்று விளிக்கிறேன். ஏன் பெண்? சிற்பி அழகாகச் செதுக்கியதற்காக அல்ல. கட்டுண்ட கைகளுக்காக. நீ சிறைப்பட்டிருப்பதால் உன்னைப் பெண் என்கிறேன் என்று முடிக்கிறார்.

கிரேக்கத்தில் ஆண்பால், பெண்பால் தவிர மூன்றாவது பால் ஒன்று உண்டு. சிலை என்ற சொல் அந்த மூன்றாவதில் சேரும். ஆகவே 'சிலை' என்பதை விட்டு 'பெண்' என்னும்போது சொல்லின் பால் மாறுகிறது. தமிழில் இது இன்னும் பெரிய தாவல். சிலை அஃறிணை, பெண் உயர்திணை. நம் இலக்கணத்தில் திணை மாற்றிச் சொன்னால் வழு. ஆனால் நன்னூல் இரக்கமுள்ள நூல். ஐந்து காரணங்களுக்காக மாற்றிச் சொன்னால் மன்னித்துவிடுகிறது: உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு. மகிழ்ச்சியில் பசுவை 'என் அம்மை வந்தாள்' எனலாம், கோபத்தில் மனிதனை 'இந்த மாடு எங்கே போயிற்று' எனலாம். திமுலாவின் காரணம் இந்த ஐந்தில் எதிலும் அடங்காது. அவர் ஆறாவது ஒன்றைச் சேர்க்கிறார்: சிறை.

மயிலாடிக்குப் போயிருக்கிறாயா? அங்கே பட்டறை வாசலில் கிடக்கும்வரை அது கல். உளி பட்டு உருவம் வந்தபின் சிலை. கண் திறந்து பீடத்தில் ஏற்றியபின் சாமி. கல், சிலை, சாமி என்று படி ஏறிப் போகிறோம். நடுவில் 'பெண்' என்ற படி இல்லை. கன்னியாகுமரிப் பாறையில் 133 அடி உயரத்தில் நிற்பவரை மட்டும் நாம் 'வள்ளுவர் நிற்கிறார்' என்போம், படகு டிக்கெட் எடுக்கும்போது 'சிலைக்கு இரண்டு' என்போம். நம் வாய்க்கே இரண்டு கணக்கு.

உன் கடிதம் வந்த வாரம் சுசீந்திரம் போனேன். தாணுமாலயன் கோயில் பிராகாரத் தூண்களில் விளக்கேந்திய பாவைகள் வரிசையாக நிற்கிறார்கள். அறுபது வருடமாக அவர்களைப் பார்க்கிறேன், அன்றுதான் கைகளைப் பார்த்தேன். இரண்டு கைகளும் சேர்ந்து அகலைத் தாங்குகின்றன. ஒரு பாவையின் விரல்களுக்கிடையே எண்ணெய் வழிந்து உறைந்து, கல்லின் நிறமே தெரியாமல் கறுத்துப் பளபளத்தது. நெற்றியில் வியர்த்தால் துடைக்க அவளுக்குக் கை ஓய்வில்லை. கயிறு இல்லை, கட்டு இல்லை, அலங்காரம் குறைவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, மறுகையில் செருப்புப் பையும் பூசைத்தட்டும், முடிக்கற்றை கண்ணில் விழுந்து கொண்டிருக்க அதை ஊதி ஊதித் தள்ளியபடி வரிசையில் நின்றாள்.

*

கிரேக்கம் தெரியாமல் கிரேக்கக் கவியைப் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி?
– பெயரில்லாக் கடிதம், நாகர்கோவில் முத்திரை

ஒரு தகுதியும் இல்லை. ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறேன். டேவிட் கொனொலி செய்தது ஒன்று, செசில் இங்லெசிஸ் மார்கெலோஸும் ரிகா லெஸரும் சேர்ந்து செய்து 2012இல் வந்தது ஒன்று. ஒரே கவிதை இரண்டிலும் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டும் முரண்படுகிற இடத்தில் மூலம் முனகுவது கேட்கும். கப்பல்கார மருமகன் தயவில் கிரேக்க எழுத்துகளை வாசிக்க மட்டும் கற்றுக்கொண்டேன். பொருள் தெரியாமல் உரக்கப் படிப்பேன். சிறு வயதில் சமஸ்கிருத மந்திரமும் லத்தீன் பூசையும் கேட்டு வளர்ந்த மாவட்டம்தானே இது, பொருள் தெரியாத ஒலி நமக்குப் புதிதா?

*

நான் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மழை பெய்தால் எங்களுக்கு வேலை இல்லை. மழையைப் பற்றி அந்தக் கவிஞர் என்ன சொல்கிறார்?
– அருமனை

அண்ணே, இடவப்பாதி, துலாமழை என்று இரண்டு பருவமழையும் இரண்டு பக்கமும் இடிக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்காவிட்டால்தான் குறை. நள்ளிரவில் மழை பெய்கிறது, தனியாக ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அது 'ஸி, ஸி' என்று கேட்கிறது, தோற்றுப்போன ஓர் ஒலியாக. கிரேக்கத்தில் 'எஸி' என்றால் 'நீ'. இரவு முழுக்க மழை 'நீ, நீ, நீ' என்று ஒரே ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அவள் என்னதான் வேறு நினைப்புக்கு மாற முயன்றாலும் மழை விடவில்லை.

இதைத் தமிழில் கொண்டுவர முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். நம் மழை சோவென்று பெய்யும், தகரத்தில் படபடக்கும், ரப்பர் இலையில் வேறு மாதிரி கேட்கும், அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எந்த மழையும் 'நீ' என்று பெய்ததில்லை. ஒருநாள் காலை எதிர்வீட்டுப் பெரியவர் என்னை, "நீர் பேப்பரைப் படித்து முடித்தீரா?" என்று கேட்டார். அப்போதுதான் பொறி தட்டியது. நீர்! நம் பக்கத்தில் மரியாதைக்குச் சொல்லும் 'நீர்', பொழிகிற நீரும் அதுதான். கிரேக்கக்காரி மழையின் ஓசையில் தேடிப் பிடித்ததைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது.

காதலனை 'நீர்' என்பார்களா என்று மடக்கக்கூடும். எங்கள் பாட்டி தாத்தாவைக் கடைசிவரை அப்படித்தான் அழைத்தாள்.

*

கணவர் இறந்த பிறகு எழுதிய கவிதைகள் உண்டா? நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.
– பூதப்பாண்டி

உண்டு அம்மா. கணவர் 1985இல் போனார். 1988இல் ஒரு தொகுப்பு வந்தது, அடுத்த ஆண்டு அதற்கு அரசுப் பரிசு கிடைத்தது. அதன் தலைப்பு 'ஹேரே போதே'. 'ஹேரே' என்பதைச் சந்திக்கும்போதும் சொல்வார்கள், பிரியும்போதும் சொல்வார்கள். பழங்கால கல்லறைக் கற்களில் செதுக்கி வைத்ததும் அதுவே. 'போதே' என்றால் ஒருபோதும் இல்லை. வரவேற்பா, விடையா, இரண்டையும் மறுக்கிறாரா என்று மொழிபெயர்ப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் தலைப்பு.

நமக்கு அவ்வளவு குழப்பம் வேண்டியதில்லை. வாசலைத் தாண்டும்போது 'வருகிறேன்' என்போம், 'போகிறேன்' என்று யாரும் சொல்வதில்லை. துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் அந்த 'வருகிறேன்'கூடச் சொல்லக் கூடாது, சொல்லாமல் இறங்கிப் போக வேண்டும். சொல்லாமல் விழுங்கிய அந்தச் சொல்தான் இந்தத் தலைப்பு என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் காரணத்தை நான் கேட்கவில்லை. நூலகத்தில் கிடைக்காவிட்டால் எழுதுங்கள், என் பிரதியை அனுப்புகிறேன். திருப்பித் தர அவசரம் இல்லை.

*

கவிதை என்றால் என்ன என்று அவர் எங்காவது சொல்லியிருக்கிறாரா? சுருக்கமாக.
– ஆரல்வாய்மொழி

சொல்லியிருக்கிறார். பாலைவனத்தில் நடந்து போகிறாய். ஒரு பறவை பாடுவது கேட்கிறது. பாலைவனத்தில் பறவை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கச் சாத்தியமே இல்லை. இருந்தாலும் அதற்கு ஒரு மரம் செய்துகொடுக்கும் கடமை உன்னுடையது. அந்த மரம்தான் கவிதை.

உங்கள் ஊர்க் காற்றுக்குப் பனைமரமாகச் செய்யுங்கள். மற்றது நிற்காது.

*

தோவாளைப் பூச்சந்தையில் பூக்கடை வைத்திருக்கிறேன். பூவைப் பற்றி எழுதாத கவிஞர் உண்டா? இவர் எழுதியிருக்கிறாரா?
– தோவாளை

எழுதியிருக்கிறார், நீங்கள் கோபப்படக்கூடிய விதத்தில். 1948இல் எடுத்த ஒரு பழைய புகைப்படத்தைப் பார்க்கும் கவிதை. பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் படத்தில் இருப்பவருக்குப் பதினேழு வயது இருக்கும். கையில் எதையோ பிடித்திருக்கிறாள். பூவாகத்தான் இருக்கும் போலும் என்கிறார். ஆச்சரியம், என் வாழ்க்கையின் வழியாக எப்போதோ ஒரு தோட்டம் கடந்து போயிருக்கிறது போலும் என்கிறார். விடிகாலை நான்கு மணிக்குப் பிச்சியையும் மல்லிகையையும் கிலோ கணக்கில் நிறுக்கும் உங்களிடம் யாராவது 'பூவாக இருக்கும் போலும்' என்றால் தராசுத் தட்டை எடுத்து எறிவீர்கள். ஆனால் பழைய படம் அப்படித்தான். படத்தில் இருப்பது நம்முடைய கை, பிடித்திருப்பது என்னவென்று நமக்கே தெரியாது.

என் அக்காளின் படம் ஒன்று எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தது. மணிமேடைக்குப் பக்கத்தில் அப்போது இருந்த ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. கல்யாணத்துக்கு முந்தைய வருடம். பாதி அரித்துப்போன அந்தப் படத்தில் அவள் வலது கையில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. கவிதையைப் படித்த சூட்டில் படத்தை எடுத்துக்கொண்டு பறக்கைக்குப் போனேன். அவளுக்கு இப்போது எழுபத்தெட்டு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"என்ன அக்கா அது, பூவா?"

"பூ இல்லை. உன் கைக்குட்டை. படம் எடுக்கும்போது நீ கூட வந்து அழுதுகொண்டே நின்றாய். மூக்கைத் துடைத்துவிட்டு அப்படியே கையில் பிடித்துக்கொண்டேன்."

படத்தைத் திருப்பித் தந்துவிட்டு, "மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்" என்று உள்ளே போய்விட்டாள்.